மோதிரத்துக்குப் பயந்து மலையேறினோம்

மலைக்குப் போவது என்று முடிவானதும் நான் முதலில் விசாரித்தது யானையைப் பற்றி. அடுத்தது ரத்தம் குடிக்கிற அட்டையைப் பற்றி. பேருந்தைப் பற்றிக் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான்.

“யானை வரும் அம்மா. ஆனா எப்பவும் வராது” என்று மூத்த மகள் ஷைனி போனில் சொன்னாள். அந்த ‘எப்பவும்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் நான்கு நாள் கவலைப்பட்டேன்.

அவள் வாக்கப்பட்டுப் போன கீரிப்பாறை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நான் பிறந்தது, ஏழாவதோடு படிப்பை நிறுத்தியது, வாக்கப்பட்டது, மீன் விற்றது எல்லாமே கடல் சத்தம் கேட்கிற தூரத்துக்குள். எனக்கு அது வெளிநாடு. சந்தோஷத்தில் மூன்று நாள் முன்பே பை கட்டினேன். மறந்துபோன சாமான்கள் நினைவுக்கு வர வர அவிழ்த்துக் கட்டினேன்.

சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள்ளும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் கடற்கரையில் தலைக் கிறிஸ்துமஸ் என்றால் மகளையும் மருமகனையும் பெண் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். புதுத்துணி எடுக்க வேண்டும். மருமகன் விரலில் ஒரு தங்க மோதிரம் போட வேண்டும். அந்த விரலோடு அவர் பாதிரியார் முன்னால் போய் நற்கருணைக்கு நிற்கும்போது ஊரே எட்டிப் பார்க்கும். கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் எத்தனை பவுன் என்று கடைசி வீடு வரைக்கும் தெரிந்துவிடும்.

ஷைனிக்குக் கல்யாணமானது மே மாதம். அந்தச் செலவு இன்னும் மூச்சு விட விடவில்லை. ஐப்பசியிலிருந்து கடலும் சரியில்லை. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. செய்தியில் தங்கம் விலை சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய் சேனலை மாற்றிவிடுவார்.

அப்போதுதான் சம்பந்தியம்மா தங்கபாய் போன் செய்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் மைனி என்றுதான் கூப்பிடுவோம்.

“மைனி, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள என்னைக்கு அனுப்பணும்?”

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. “எங்க மொட்டைமாடி ஒழுகுது மைனி. சுவரு எல்லாம் ஈரம். படுக்க இடமில்ல. இந்தத் தடவ நாங்களே அங்கோட்டு வந்தா என்ன?”

“ஐயோ, இதக் கேக்கணுமா? வாங்க வாங்க. நாலு நாள் இருக்க மாதிரி வாங்க.”

போனை வைத்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஊசியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த கான்கிரீட் வீடு எங்களுடையது. எத்தனையோ மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

“எங்க ஏட்டி ஒழுகுது?”

“மெதுவா பேசுங்க. சகாயத்துக்குக் கேக்கும்.”

சகாயம் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். போன வருஷம் அவள் மருமகனுக்கு ஒன்றரைப் பவுனில் போட்டாள். அந்த மோதிரத்தை எனக்கு ஏழு தடவையாவது காட்டியிருப்பாள்.

இருபத்து மூன்றாம் தேதி கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், இளையவள் பிரின்சி. இரண்டு டின்னில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும். சம்பந்திக்கு ஒரு சேலை, மருமகனுக்கு ஒரு சட்டை. அது போக ஒரு தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு பாரை மீன். அதிகாலையில் கரையிலிருந்து கரைமடி வலை இழுத்தவர்களிடம் சொல்லிவைத்து வாங்கியது. கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, யானை, அட்டை, ஒழுகாத மாடி மூன்றையும் மாதாவிடம் ஒப்படைத்தேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு. எங்கள் மூன்று பேரில் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் டிக்கெட்.

“ஒமக்குத்தான் செலவு அப்பா. நீரு வீட்டுல இருந்திருக்கலாம்” என்றாள் பிரின்சி.

ஆனால் நாகர்கோவிலில் மாறிய பஸ்ஸில் கண்டக்டர் தெர்மாக்கோல் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். “இது யாருக்க பெட்டி? உள்ள என்னது?”

“துணி” என்றேன். ஒரு பொய் சொல்லிப் பழகிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு போய், முன்சீட்டுப் பெரியவருடைய வெள்ளை வேட்டியைத் தொட்டது. அவர் காலைத் தூக்கினார். முகர்ந்து பார்த்தார்.

“கண்டக்டர் தம்பி, இந்தத் துணிய எந்தக் கடல்ல துவைச்சாவ?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உயிரே இல்லை. கண்டக்டர் இறக்கிவிடுவார், நடுக்காட்டில் நிற்போம், யானை வரும் என்று வரிசையாக நினைத்து முடித்துவிட்டேன். அவர் லக்கேஜ் டிக்கெட் ஒன்றைக் கிழித்து என் கையில் வைத்தார். “மீனுன்னு சொன்னா நான் என்ன, பொரிச்சா தின்னுருவேன்?” பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டிக்கு அடியில் திணித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன மீனு? பாரையா? மரச்சீனிக் கிழங்குக்கு அது கொள்ளாம், நல்ல பொருத்தம்” என்று சொல்லிவிட்டு இறங்குகிற வரைக்கும் குழம்பு வைக்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார். மீன்காரிக்கே பாடம். துண்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

பஸ் ஏற ஏறக் காற்று மாறியது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கும். இதில் ஈர இலை வாசமும், அடியில் புளித்த மாவு போல ஒரு வாடையும். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. அதற்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக், குட்டைப் பாவாடை மாதிரி. பிரின்சி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “அம்மா, மரம் எல்லாம் பாவாட கட்டியிருக்கு” என்று கத்தினாள். நானும் நீட்டினேன். கண்டக்டர் இரண்டு பேரையும் திட்டினார்.

ஷைனி நிறுத்தத்தில் நின்றாள். ஓடி வந்து கட்டிப்பிடித்தவள் முதலில் கேட்டது, “அம்மா, மாடி இன்னும் ஒழுகுதா?”

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு” என்றேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு அது. வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள். எல்லா வாசலிலும் நட்சத்திரம் தொங்கியது. எங்கள் ஊரில் நட்சத்திரம் பெரிதாக இருப்பதில் போட்டி. இங்கே எல்லாம் சின்னது, பாதி வீட்டில் மூங்கில் சீவிக் கலர்த்தாள் ஒட்டியது. ஆனால் பின்னால் கறுத்த மலை நின்றதால் அவையும் பெரிதாகவே தெரிந்தன. தங்கபாய் மைனி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். பால் விடாத கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தந்தார். பாரை மீனைத் திறந்து காட்டியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். “இம்புட்டு செவப்பு இந்த மலைக்கு வந்ததே இல்ல” என்றாள் ஒருத்தி. எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

மறுநாள் விடியும்போது ரப்பர் பால் வெட்டுப் பார்க்க மருமகன் ஜெபின் எங்களை அழைத்துப் போனார். காலில் அட்டை ஏறாமலிருக்க மைனி சோப்புத் தேய்த்துவிட்டார். நான் இரண்டு தடவை தேய்த்துக்கொண்டேன். பிரின்சி சருகில் எது அசைந்தாலும் “யானை” என்றாள். ஒரு தடவை அது கோழி.

ஜெபினின் வேலையைப் பார்த்தபோது என் பயம் எல்லாம் மறந்தது. மரத்தின் பட்டையில் கத்தியைச் சாய்த்து வைத்து ஒரு இழுப்பு. தாள் கனத்துக்குப் பட்டை சுருண்டு விழுகிறது. பின்னாலேயே வெள்ளைப் பால் கோடாக ஓடிச் சிரட்டையில் சொட்டுகிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இல்லை. பேசிக்கொண்டே அடுத்த மரம், அடுத்த மரம் என்று போகிறார். வீட்டுக்காரர், “வலைய வீசுக கை மாதிரிதான் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அபூர்வம்.

“இந்தப் பாவாட எதுக்கு அத்தான்?” என்று பிரின்சி கேட்டாள்.

“மழ வெள்ளம் வெட்டுல எறங்கினா பால் எல்லாம் கழுவிப் போவும். அதுக்கு ரெயின்கார்டு. பிளாஸ்டிக்க சுத்தி, தார் மாதிரி ஒரு கறுப்புப் பசை இருக்கு, அத வச்சு ஒட்டுவோம். ஒரு சொட்டு உள்ள போவாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “மாமி, ஒங்க மாடிக்கும் இதுதான் மருந்து. நான் கடையில சொல்லி ஒரு டின் வாங்கி வச்சிருக்கேன். இருபத்தாறாம் தேதி ஒங்க கூடவே வாறேன். லீவு சொல்லியாச்சு. விரிசல் எங்கெங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க.”

என் காலில் அட்டை ஏறியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், வாழ்க்கையில் மரத்தையே பார்க்காதவர் போல.

அன்று பகல் முழுவதும் குடில் கட்டினோம். எங்கள் ஊரில் குடிலுக்குக் கடல் மணல் போடுவோம். இங்கே பாறையிலிருந்து பாசியைப் பாயாக உரித்து எடுத்து விரிக்கிறார்கள். குழந்தை இயேசுவுக்கு மெத்தை மாதிரி இருந்தது. மைனி மீன் குழம்பு கொதிக்கவிட்டார், நான் கிழங்கு மசித்தேன். வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. போன கிண்ணம் எதுவும் வெறுமனே திரும்பவில்லை. ஒன்றில் அவியல், ஒன்றில் பலாக்காய் வறுத்தது, ஒன்றில் கறி. இரண்டு பாரை மீன் ஒரு விருந்தாகத் திரும்பி வந்தது. குறைந்த செலவில் இப்படிச் சாப்பிட்டது என் வாழ்நாளில் இல்லை. ஆனால் கொல்லைப்புறம் போகும்போதெல்லாம் ஜெபின் வாங்கி வைத்த அந்தப் பசை டின் கண்ணில் படும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஊரில் பூசை நள்ளிரவில். இங்கே ஒரே பாதிரியார் நான்கைந்து சிற்றாலயங்களுக்குப் போக வேண்டும் என்பதால் கிறிஸ்துமஸ் அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் பூசை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து பூசைக்குப் போவது எனக்குப் புதுசு. கோவில் எங்கள் வலைக்கூடம் அளவுதான். பாட்டு மட்டும் மலையில் முட்டித் திரும்பி வந்து இரண்டு கோவிலாகக் கேட்டது. ஜெபின் நாங்கள் எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். தோள் கொஞ்சம் இறுக்கம். நற்கருணைக்குக் கை நீட்டி நின்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆள்கூட அந்த விரலைப் பார்க்கவில்லை. நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் ஜெபின் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பழைய தகட்டில் அந்தப் பசையைக் கிண்டிப் பதம் பார்த்தார். பண்டிகை நாள், புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் வீட்டு ஒழுகாத மாடிக்காக. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“மக்கா, மாடி ஒழுகல.”

“நின்னுட்டா?”

“ஒழுகவே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

கிண்டுகிற குச்சி நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளம் கரையில் கிடந்தது, மோதிரம், பக்கத்து வீட்டு ஒன்றரைப் பவுன், எல்லாம். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“நான் மோதிரம் கேட்டேனா மாமி?”

“நீங்க கேக்கல மக்கா. ஊரு கேக்கும்.”

அவர் வலது கையை விரித்துக் காட்டினார். விரல்களுக்கு அடியில் கத்திப்பிடி அழுத்திய தழும்பு. “இந்தக் கையில மோதிரம் போட்டா கத்தி நிக்காது. கல்யாண மோதிரமே பெட்டிக்குள்ளதான் கெடக்கு. நீங்க போட்டிருந்தா அதுவும் அங்கதான் கெடந்திருக்கும்.” அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டே இருக்கிறவர் சிரிக்காமலிருந்தது எனக்குத் திட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

திரும்பினால் வாசலில் ஷைனி நிற்கிறாள்.

“நீங்க ஈரத்துல கெடக்கியன்னு நான் இங்க மழ பெய்யும்போதெல்லாம் அழுதுட்டு இருந்தேன்” என்றாள். “அவிய அதப் பாத்துத்தான் டின்னு வாங்கினாவ. ஒரு வார்த்த, எனக்கு மட்டுமாவது சொன்னியா?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். பொய் மட்டும்தான் எனக்கு வேகமாக வரும் போலிருக்கிறது. மகள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. பிரின்சிகூட யானை என்று சொல்லவில்லை.

மாலையில் மைனி கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தார். மகன் சொல்லியிருக்க வேண்டும். நான் சேலை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அப்போ வீடு நல்லா இருக்கு?” என்றார்.

“இருக்கு மைனி.”

“ஒழுகாது?”

“ஒழுகாது.”

“அப்போ எங்களுக்குப் படுக்க எடம் உண்டு.” டம்ளரை என் கையில் வைத்தார். “கல்யாணத்துக்கு வந்தப்போ கடல கோவில் மதிலுக்கு மேல எட்டிப் பாத்ததோட செரி. கால நனைக்க நேரமில்ல. ஒங்க வீடு ஒழுகுதுன்ன ஒடனே, இனி என்னைக்குக் கூப்பிடப் போறாவன்னு நெனச்சேன். நாளைக்கு நானும் வாறேன். ஒங்க ஊரு ஆளுவ என் மவனுக்க கையப் பாத்தா நான் பதில் சொல்லுதேன்.”

உள்ளேயிருந்து ஷைனியின் குரல் வந்தது. “அம்மா, நாளைக்கு முத பஸ்ஸு. நீ பைய எத்தன தடவ அவுத்துக் கட்டுவியோ, இப்பவே தொடங்கு.”

அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இருபத்தாறாம் தேதி ஆறு பேராக மலையிறங்கினோம். நான்கு பெண்கள், டிக்கெட் இல்லை. இரண்டு ஆண்களுக்கு மட்டும் டிக்கெட். ஜெபின் அந்த டின்னை மடியில் வைத்திருந்தார்.

“இத எதுக்கு மக்கா தூக்கிட்டு வாறிய?”

“வாங்கியாச்சு. கிண்டியும் ஆச்சு. இனி வச்சா கட்டியாயிரும்.”

மத்தியானம் ஊர் சேர்ந்தோம். மைனி வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. பையை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கடலுக்குப் போய் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு நின்றார். அலை வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். பிரின்சி ஒரு கையையும் வீட்டுக்காரர் ஒரு கையையும் பிடித்திருந்தார்கள். அந்த அலை கொஞ்சம் பெரிது என்று நான் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன்.

ஜெபின் சாப்பிட்டதும் மாடிக்கு ஏறினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தளம் கல் மாதிரி இருந்தது. ஆனாலும் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் குந்தி, பசையைத் தடவிக்கொண்டே வந்தார். ஷைனி பக்கத்தில் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நேற்று காணாமல் போன சிரிப்பு.

நான் கீழே துணி விரித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே சகாயத்தின் தலை வந்தது. முதலில் மாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி லூர்து, மருமவன் வந்திருக்காரா? மேல என்ன செய்யுதாரு? மாடி ஒழுகுதா?”

இதோ, சுலபமாக ஒரு வழி. ஆமாம் என்றால் போதும். வீடு ஒழுகுது, அந்தச் செலவில் மோதிரம் தள்ளிப்போச்சு. என் நாக்கு அதற்குள் பாதி தூரம் போய்விட்டது. மேலே ஷைனியின் சிரிப்பு நின்றது. அவள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒழுகல” என்றேன். “ஒரு சொட்டு ஒழுகல. மோதிரமும் போடல, ஏட்டி. இந்த வருஷம் முடியல.”

சகாயம் என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மாடியைப் பார்த்தாள், இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம். பிறகு சுவரில் இன்னும் கொஞ்சம் எக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எங்க மாடி நெசமாவே ஒழுகுது. அவர கொஞ்சம் இங்கோட்டு அனுப்பி விடுவியா?”